பத்ரிநாத் சார் கொடுத்த தெர்மல்

"டேக்கைக்கூட பிய்க்காம மாட்டிக்கிட்டு நிக்கிறியே முனியப்பா, எந்த வீட்டுப் பார்சல் இது?"

கேட்டது அசோசியேஷன் செக்ரட்டரி ரமா மேடம். காலையில் வாக்கிங் போய்க்கொண்டிருந்தவர்கள் நடையை நிறுத்திவிட்டுக் கூடினார்கள். நடப்பதைவிட இது உடம்புக்கு நல்லது.

பொம்மனஹள்ளியில் அந்த அபார்ட்மெண்டுக்கு வருகிற பார்சல் எல்லாம் முதலில் வாட்ச்மேன் முனியப்பாவின் கைக்குத்தான் வரும். அவன் யூனிஃபார்ம் காலருக்குள்ளே கறுப்பாக, உடம்போடு ஒட்டினாற்போல ஒரு தெர்மல் பனியன். பனிமலை ஏறுகிறவர்கள் உள்ளே போடுவது. பிடரியில் விலை அட்டை தொங்கியது.

வாக்கிங் கூட்டத்திலிருந்த ஷ்ரேயா எட்டிப் பார்த்துப் படித்தாள். "அம்மாடி! என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்குக்கூட இந்த விலையில உள்பனியன் போடல."

"நான் எடுக்கல மேடம். பத்ரிநாத் சாருதான் குடுத்தாரு."

எல்லோரும் சிரித்தார்கள்.

"யாரு, நம்ம பத்ரிநாத்தா? ஆயுத பூஜை வசூலுக்குக் கதவையே திறக்காதவரு, உனக்குப் பனியன் எடுத்துக் குடுத்தாரா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும் முனியப்பா" என்றாள் ரமா மேடம்.

"அவரையே கேளுங்க மேடம்."

கேட்கவே வேண்டியதில்லை. லிஃப்ட் திறந்தது, பத்ரிநாத் வந்தார். ஜனவரியில் இமாசலத்தில் ஏதோ ஒரு பனிச்சிகரம் ஏறப் போகிறார். லிஃப்டில் அவரோடு மாட்டினவர்கள் யாரும் அந்தச் சிகரத்தின் உயரம் தெரியாமல் இறங்கினதில்லை.

"நான்தான் குடுத்தேன்" என்றார் அமைதியாக. "ராத்திரி முழுக்க கேட்ல நிக்கிறாரு. டேக்கையும் நான்தான் வெட்ட வேண்டாம்னேன். அளவு சரியில்லைன்னா மாத்தணும்ல?"

ரமா மேடத்துக்கு முகம் செத்துவிட்டது.

"ஸாரி, நான் தப்பா நினைச்சிட்டேன்" என்றாள், பத்ரிநாத்தைப் பார்த்து.

முனியப்பாவுக்கு அந்த ஸாரி வராவிட்டாலும் பரவாயில்லை. பனியன் இருந்ததே, அது போதும். மார்கழி பிறந்தால் அவனுக்கு நெஞ்சு கட்டிக்கொள்ளும். இனிமேல் குளிரில் நிற்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். பகல் டியூட்டிக்கு இடமில்லை என்று ஏஜென்சி சொல்லிவிட்டது. வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று இருந்தபோதுதான் இந்தப் பனியன் வந்தது. போட்ட ராத்திரியே இருமல் இல்லை.

பத்ரிநாத் எல்லோர் முன்னாலும் விசாரித்தார்.

"கையை மேல தூக்குங்க. பரண்ல சாமான் எடுக்கற மாதிரி. இன்னும். இடுப்பு தெரியுதா?"

"இல்ல சார்."

"அக்குள்ல பிடிக்குதா?"

"கொஞ்சம் இறுக்குது சார். மூச்சு வாங்கினா நெஞ்சுல பிடிக்குது."

"அப்போ இது சின்னது. பெருசு ஒண்ணு தர்றேன். ராத்திரி டேங்க் பாக்க ஏணி ஏறுவீங்கல்ல, அப்போ முதுகுல காத்து போகுதான்னு பாத்துச் சொல்லணும். அப்புறம் முனியப்பா, குளிச்சிட்டுப் போடுங்க. பீடியை விட்டுடுங்க. நெஞ்சுக்கு ஆகாது."

"கூடப் பிறந்தவன்கூட இப்படிக் கேக்க மாட்டான்" என்றாள் ஷ்ரேயா. அன்று வீட்டுக்குப் போனதும் புருஷனிடம் சண்டை பிடித்தாள்.

பெரிய சைஸ் வந்தது. அது தொளதொள என்று இருந்தது. உள்ளே காற்று புகுந்து குளிருகிறது என்றான் முனியப்பா.

"தோலோட ஒட்டணும், மூச்சு முட்டக் கூடாது. அதான் கணக்கு" என்று அதையும் வாங்கிக்கொண்டு நடு சைஸ் ஒன்று கொடுத்தார் பத்ரிநாத். அது கச்சிதமாக உட்கார்ந்தது. முனியப்பா பீடியை நிஜமாகவே விட்டுவிட்டான்.

வாட்ஸ்அப் குரூப்பில் கும்பிடு போடாத ஆள் இல்லை. வீட்டில் வேலை செய்கிற பெண்ணுக்குப் பழைய சோறு கொடுப்பவர்கள் முதல் ஆளாகப் போட்டார்கள்.

அவர் மலைக்குக் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமை, கேட் பக்கத்திலேயே பாராட்டு விழா வைத்தார்கள். தலைக்கு மைசூர் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகை, தோளுக்கு ஜரிகை சால்வை, கழுத்துக்குச் சந்தன மாலை.

"இவர் இனிமே சிகரம் ஏற வேண்டியதே இல்ல. நம்ம மனசுல ஏறிட்டார்" என்று ரமா மேடம் பேசினாள். ராத்திரி உட்கார்ந்து மனப்பாடம் பண்ணியிருப்பாள் போல.

முனியப்பாவையும் பேசச் சொன்னார்கள். அவனுக்குப் பேச வராது.

"வேலையை விட்டுடலாம்னு இருந்தேன். இந்தப் பனியன் வந்த அப்புறம் ராத்திரி நிக்க முடியுது. சார் நல்லா இருக்கணும்."

கைதட்டல். ஷ்ரேயா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போட்டோ எடுத்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், கலைந்தார்கள்.

பேட்டாவைக் கழற்றாமலே பத்ரிநாத் வாட்ச்மேன் ரூமுக்கு வந்தார்.

"முனியப்பா, இந்த சைஸ் ராத்திரிக் குளிரைத் தாங்குதில்ல? உண்மையைச் சொல்லணும்."

"சத்தியமா தாங்குது சார். வெச்ச மாதிரி இருக்கு."

"நல்லது. உங்களுக்கும் எனக்கும் ஒரே உடம்புவாகு, அதான் எனக்கு இதே அளவுல புதுசா ஒண்ணு வரவெச்சிட்டேன். நானே ராத்திரி வெளிய நின்னு பாக்க முடியுமா, சளி பிடிச்சா மலையே போச்சு" என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கையை நீட்டினார். "சீக்கிரம் அதைக் கழட்டிக் குடுங்க, ரிட்டர்ன் எடுக்க ஆள் வந்து நிக்கிறான்."