குறுக்குக் கட்டை

"ரெண்டே வருஷம்! அதுக்குள்ள மண்ணுல மூக்கை உரசுது. இதெல்லாம் ஒரு வேலையா?"

ஓய்வுபெற்ற நீதிபதி தம் வீட்டு வேலிக்கதவை உதைத்தார். தாழ்ப்பாள் பக்கம் தொங்கிப்போயிருந்த மரக்கதவு முனகிக்கொண்டே தரையில் அரைவட்டம் கீறியது.

புதுத் தச்சர் கீல்களைக் கழற்றினார்.

"இதைச் செஞ்சவன் இந்தத் தெருவுலயே உளி பிடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். குடியிருப்போர் சங்கத்துக்கே தலைவர் நான், என் பேச்சை யார் தட்டுவாங்க?"

"பாவம், அந்தத் தச்சர் எங்கெங்கேயோ சைக்கிள் மிதிச்சுப் போய் வேலை செய்யறாராம்" என்றார் வாசலில் நின்ற மனைவி. "சங்கக் கட்டடத்துக் கதவு வேலைக்கு மனு போட்டிருக்காராம். இன்னிக்குக் கூட்டத்துல நீங்க தலையாட்டினா..."

"ஆட்டினா என் தலைதான் உருளும்."

தச்சர் நிமிர்ந்தார்.

"ஐயா, குறுக்குக் கட்டை தலைகீழா இருக்கு. கீழ்க் கீல்லேர்ந்து தாழ்ப்பாளைப் பார்த்து மேல ஏறணும். அப்பத்தான் பாரம் தாங்கும். தொழில் தெரிஞ்சவங்க இப்படி வைக்க மாட்டாங்களே?"

"அதைத்தானே நானும் கத்தறேன்!"

தச்சர் கட்டையைப் பெயர்த்தார். பலகையோடு ஒட்டியிருந்த பக்கத்தில் பென்சில் எழுத்து. அதைப் படித்ததும் அவர் சட்டென்று கட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

"என்னது? கொடு இப்படி." நீதிபதி வாங்கி வாய்விட்டுப் படித்தார்.

'அடுத்துப் பிரிக்கும் தச்சருக்கு. கட்டை தலைகீழ் என்று எனக்கும் தெரியும். ஐயா பிடிவாதமாகச் சொன்னதால் இப்படி வைத்தேன்.'

இன்னும் ஒரு வரி இருந்தது. படிக்க நீதிபதிக்கு மனம் வரவில்லை.

"'நான் படிக்காத கணக்கா'ன்னு நீங்கதானே அன்னிக்கு அவரை அதட்டினீங்க?" என்றார் மனைவி.

"மரத்துல கிறுக்கினதெல்லாம் சாட்சியம் ஆகாது. அடுப்புல வை!"

மாலையில் சங்கக் கூட்டம். நீதிபதி எழுந்து தொண்டையைச் செருமினார்.

"தப்பு பண்ணாத மனுஷன் உண்டா? அந்தத் தச்சனை நான் மன்னிச்சுட்டேன். வேலையை அவனுக்கே கொடுங்க."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"உங்க கருணைக்கு எல்லையே இல்லீங்க!" என்று உருகிய செயலாளர், வீடு வரை உடன் வந்தார்.

சரிசெய்த வேலிக்கதவு விரல் பட்டதும் திறந்தது. உள்ளே நுழைந்து, தாழிடத் திரும்பிய செயலாளர் அப்படியே நின்றார். கதவின் உட்புறத்தில், இம்முறை சரியான சாய்வில், அதே பழைய கட்டை. எழுத்து வெளியே தெரிந்தது.

"நல்ல மரம். எரிக்க மனசு வரலை" என்றார் மனைவி.

செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தார். கடைசி வரிக்கு வந்தபோது அவர் குரல் இறங்கிவிட்டது.

'இதை ஐயாவிடம் காட்ட வேண்டாம். மனம் வருந்துவார்.'