எந்தக் கால்?

“மேடம், பாட்டுல வலது கால்னு வருது. உங்க படத்துல இடது காலால உதைக்கிறானே!”

ஓவியர் அம்மாள் தூரிகையைக் கீழே வைக்கவே இல்லை.

“அப்போ பாட்டைத் திருத்தச் சொல்லு, கண்ணு. சில்வண்டு இடது காலாலதான் உதைப்பான்.”

கேள்வி கேட்டவள் பதிப்பகத்தின் உதவி ஆசிரியை; வேலைக்குச் சேர்ந்து பத்தே நாள். கால்பந்தாடும் சில்வண்டு என்ற பொடிப்பையனின் கார்ட்டூன் தொடர் அடுத்த மாதம் டிவியில் வரப்போகிறது. அதற்கு முன்பே சித்திரக்கதைப் புத்தகத்தையும் பாட்டு சிடியையும் ஒரே உறையில் போட்டுக் கடைகளுக்கு அனுப்ப வேண்டும். நாலு மணிக்குப் புத்தகம் அச்சகத்தில் இருக்க வேண்டும். பாட்டில் ஒரு கால், படத்தில் ஒரு கால் என்றால் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? திட்டு யாருக்கு விழும்?

மாடிப்படிகளில் தடதடவென்று இறங்கி ஒலிப்பதிவு அறைக்கு ஓடினாள்.

“வலது கால்தாம்மா. அதுல மாத்துறதுக்கு ஒண்ணுமில்ல” என்றார் இசையமைப்பாளர்.

“ஓவியர் மேடம் இடதுன்னு அடிச்சுச் சொல்றாங்க சார்.”

“சொல்லுவாங்க. நான் என் கண்ணால பார்த்தவன். வலது காலால ஒரு உதை விட்டான் பாரு, ஜன்னல் கண்ணாடி பொலபொலன்னு கொட்டிடுச்சு!”

“அது எந்த எபிசோட் சார்?”

அவர் சிரித்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

மறுபடியும் மாடி.

“கண்ணாடியா? அதெல்லாம் எனக்குத் தெரியாது” என்றார் ஓவியர் அம்மாள். “என் எதிர்ல ஆயிரம் தடவை உதைச்சிருக்கான். ஒரு தடவைகூட வலது கால் இல்ல.”

உதவி ஆசிரியைக்குத் தலை கிறுகிறுத்தது. காகிதத்தில் பிறந்த பையனைப் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி பேசுகிறார்களே இரண்டு பேரும்!

“நீங்களும் சாரும் ஒரு நிமிஷம் நேர்ல பேசிட்டீங்கன்னா...”

“அது மட்டும் நடக்காது, கண்ணு.”

வேறு வழி தெரியாமல், தயாராகியிருந்த எபிசோடுகளைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டாள். முதல் எபிசோடில் சில்வண்டு இடது காலால் கோல் போட்டான். அப்பாடா என்று மூச்சு விட்டாள். இரண்டாவதில் வலது காலால் போட்டான்!

“போச்சுடா!”

மணி மூன்றரை. தொடரை எழுதி இயக்கும் இளம் டைரக்டர் அப்போதுதான் உள்ளே வந்தார். வராந்தாவிலேயே அவரை மறித்துக்கொண்டாள்.

“சார், சில்வண்டுக்கு எந்தக் கால் சார்? பாட்டுல வலது, படத்துல இடது, உங்க கார்ட்டூன்ல ரெண்டும்! நான் யாரைத் திருத்தச் சொல்றது?”

“யாரையும் திருத்த வேண்டாம். ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்.”

“அதெப்படி சார்?”

“ஒரு வீட்டு வாசல்ல வலது பக்கம் ஒட்டினாப்ல சுவர். இடது காலாலதான் உதைக்க முடியும். இன்னொரு வீட்டுல சுவர் இடது பக்கம்.”

“சில்வண்டுக்கு ரெண்டு வீடா? கதையில எங்கேயும் அப்படி வரலையே சார்!”

டைரக்டர் அவள் கையிலிருந்த புத்தக உறையின் மாதிரியை வாங்கினார். அதில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த ஓவியர் பெயரையும் இசையமைப்பாளர் பெயரையும் கட்டைவிரலால் மெல்லத் தடவினார்.

“சின்ன வயசுல எனக்கு ரெண்டு வீடு. வாரம் பூரா, மாடியில படம் வரையுறாங்களே, அந்த அம்மா வீடு. ஞாயித்துக்கிழமை, கீழே பாட்டுப் போடுறாரே, அந்த அப்பா வீடு. நான் ஆடுறதை ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு பார்த்ததே இல்ல.”