ஜோடி பட்டன்

“உங்க அம்மாவைக் கூப்பிடுங்க. நானே நேரா பேசிக்கிறேன்.”

அதை மட்டும் கேட்கவே கூடாது என்று படியேறும்போதே அவன் சொல்லியிருந்தான். காலையில் கரண்ட் போனதிலிருந்து அம்மா கொதித்துப்போய் இருக்கிறார், எதுவானாலும் தன்னிடம் சொன்னால் பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன் என்று தெருமுனையிலிருந்து அவளை அழைத்து வந்திருந்தான். கூடத்துக்குள் கால் வைத்ததும் அவள் கேட்டுவிட்டாள். பக்குவத்துக்கெல்லாம் அவளிடம் பொறுமை கிடையாது.

பேச்சுச் சத்தம் கேட்டு, மூடிய அறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. “யாருடா அது? நெட்டு சரிபண்ற ஆளா?”

மகன் அறைக் கதவுப் பக்கம் திரும்பினான். “ஆமாம்மா.”

அவள் அவனைப் பார்த்தாள். அவன் மோடத்தைப் பார்த்தான்.

வந்த வேலை முடியாமல் திரும்புவதில்லை என்று தீர்மானித்துத்தான் அவள் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தாள். கதவை ஒருதரம் தட்டிவிட்டுத் தானே திறந்தாள்.

கட்டிலில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். “பையையும் காணோம், ஸ்க்ரூ டிரைவரையும் காணோம். போட்டோ பிடிக்கப் போற மாதிரி வந்து நிக்கிறே?”

“இதுக்கு ஸ்க்ரூ டிரைவர் வேணாம்மா. கையும் வாயும் போதும்.”

அம்மா தன் குறையைக் கொட்டினார். வெளிநாட்டிலிருக்கும் மகள், பிறந்த குழந்தையை இன்று மாலை முதல்முறையாக வீடியோவில் காட்டப்போகிறாள். மகனின் போனில் பார்த்தால் அது குழந்தையா தலையணையா என்றே தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற பெரிய கம்ப்யூட்டர் இந்த அறையில் இருக்கிறது, மோடமோ கூடத்தில். இரண்டையும் சேர்த்து வைப்பது சுவர் ப்ளக்கில் செருகும் இரண்டு குட்டிப் பெட்டிகள். கூடத்தில் ஒன்று, இங்கே ஒன்று. வீட்டுக் கரண்ட் ஒயர் வழியாகவே நெட் ஓடிவரும். காலையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இதே மாதிரிப் பெட்டிகளை அவள் முன்பே கையாண்டிருந்தாள். இதை முடித்துவிட்டு வந்த விஷயத்தைப் பேசலாம் என்று தரையில் மண்டியிட்டு மேஜைக்கடியில் பார்த்தாள். பெட்டி சுவரில் இல்லை. டேபிள் ஃபேனோடு சேர்ந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொங்கிக்கொண்டிருந்தது.

“இதை யாரு இதுல மாட்டினது?”

“தெரியலையே” என்றான் மகன்.

“நீதானேடா மாட்டினே. கரண்ட் திரும்ப வந்தா வெடிச்சிடும்னு” என்றார் அம்மா.

சுவரில் நேராகச் செருகினால்தான் இது பேசும், நடுவில் ஒன்றை நிறுத்தி வைத்தால் சேதி போய்ச் சேராது என்று அவள் விளக்கினாள். சொன்னது அம்மாவிடம், பார்த்தது மகனை.

சுவரில் செருகிய பிறகும் பச்சை விளக்கு எரியவில்லை.

“கரண்ட் போனதுல ஒண்ணை ஒண்ணு மறந்திருக்கும்மா. இதுல ஜோடி பட்டன்னு ஒண்ணு இருக்கு. கூடத்துல அவர் அழுத்தணும், இங்க நான் அழுத்தணும். ரெண்டும் அழுத்தினாத்தான் சேரும்.”

“ஒருத்தர் மட்டும் அழுத்தினா?”

“அழுத்திட்டே இருக்க வேண்டியதுதான். விரல்தான் வலிக்கும்.”

மகன் கூடத்துக்கு அனுப்பப்பட்டான். அழுத்தலாமா என்று அங்கிருந்து கேட்டான். எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்று கேட்டான். அழுத்தினால் வேறு ஏதாவது போய்விடாதே என்றும் கேட்டான். ஒரு பட்டனுக்கு இத்தனை யோசிப்பவன் காலையில் பல் தேய்க்க எப்படி முடிவெடுக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது.

“அழுத்துங்க” என்று அவள் போட்ட அதட்டலில் அம்மாவே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பச்சை எரிந்தது. அம்மாவின் முகத்திலும் வெளிச்சம் வந்தது. அவளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, என்ன படித்திருக்கிறாள், அப்பா என்ன செய்கிறார் என்று விசாரித்தார். அப்பா லாரி ஓட்டுகிறார், வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் தான்தான் என்று அவள் மென்று விழுங்காமல் சொன்னாள்.

“எதையும் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாதா உனக்கு?”

“தெரியாதும்மா. அதனாலேயே நிறைய இடத்துல வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கேன்.”

அம்மா சிரித்தார். “வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டு. எனக்கும் அதுதான் பிடிக்கும். டேய், கேட்டுக்கோ. இப்படி ஒருத்தி வந்தாத்தான் நீ உருப்படுவே.”

அவள் திரும்பி மகனைப் பார்த்தாள். கூடத்திலிருந்து திரும்பி வந்திருந்த அவன் எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சுருட்டி முடித்ததும், அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து சுருட்டினான்.

வாசல் மணி அடித்தது. அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். தோளில் கருவிப் பையும் சட்டைப்பையில் கம்பெனி அட்டையுமாக ஒருவர் நின்றிருந்தார்.

“நெட் கம்ப்ளெயின்ட் கொடுத்த வீடு இதுதானே? கொஞ்சம் லேட் ஆயிடுச்சு.”

கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்த அம்மா வந்தவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடைசியில் மகனிடம் திரும்பினார்.

“அப்ப இந்தப் பொண்ணு யாருடா?”

மகன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். “இவங்களும்... அந்தக் கம்பெனிதாம்மா.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். “இல்லைங்கம்மா. நாங்க கல்யாணம் பண்ணிக்கப் போறோம்னு உங்ககிட்ட சொல்றதுக்காக இவர் கூட்டிட்டு வந்த பொண்ணு நான். நெட்டு மட்டும்தான் சரியாச்சு. போறேன்.”

போய்ட்டு வரேன் என்று அவள் சொல்லவில்லை.