ஐந்தாம் லயத்து ஆட்டக்காரர்கள்

2008இல் தர்மிளா பதுளையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை பார்த்தாள். வேலை முடிந்ததும் இணையக் கடையில் உட்கார்ந்து, தான் இணையத்தில் தொடங்கிய சதுரங்கக் குழுவைக் கவனித்துக்கொள்வாள். குழுவில் முப்பது பேர் இருந்தார்கள். ஜனவரியிலிருந்து வாரத்துக்கு ஒருவராக இன்னும் பத்துப் பேர் சேர்ந்தார்கள். பத்துப் பேரும் கொடுத்தது ஒரே முகவரி: லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான ஐந்தாம் லயம். அவர்களை வைத்து நேரிலேயே ஒரு போட்டி நடத்தலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினாள்.

லயம் இருந்த இடத்தில் செம்மண் சரிந்து கிடந்தது. விறகுக் கட்டோடு வந்த பெரியாயி என்ற பெண்ணிடம் பெயர்களை வாசித்துக் காட்டினாள்.

"எல்லாம் எங்க லயத்து ஆளுங்கதாங்க. மார்கழி மழையில மண்ணு மூடிருச்சு. நான் வேலைக்குப் போயிருந்தேன். பதினோரு பேருங்க."

"என்னட்டை பத்துப் பேர்தான் இருக்கினம்," என்றாள் தர்மிளா.

பெரியாயி விறகை இறக்கி வைத்தாள். "எம் புள்ளைக்கு எட்டு மாசந்தாங்க. அதுக்கு வெளாடத் தெரியாது."

திங்கட்கிழமை குழுவில் புதிதாக ஒருவர் சேர்ந்திருந்தார். பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. தர்மிளா ஆட்டத்தைத் திறந்தாள். திரையில் காய்களெல்லாம் கலைந்து, சில பலகைக்கு வெளியே விழுந்து கிடந்தன.