துப்பும் கிண்ணம்

அந்த மலையில் எட்வின் ஏறிய ஆறாவது ஒயின் ஆலை அது. ருசி பார்த்துத் தரம் சொல்பவன் விழுங்கக் கூடாது. வாயில் சுழற்றிவிட்டுத் துப்பிவிட வேண்டும், அதுதான் தொழில். இங்கே வாய் நிறைய உறிஞ்சிய பிறகுதான் மேஜையில் கிண்ணம் இல்லாததைக் கவனித்தான். கையால் ஜாடை காட்டினான். ஆலைக்காரி பிலோமினா அசையவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்ற பழம் பறிக்கும் பெண்கள் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கீழ அஞ்சு தோட்டத்துலயும் துப்பிட்டுத்தான் வந்தீங்களாமே" என்றாள் பிலோமினா. கறையேறிய இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து, அவன் மோவாய்க்குக் கீழே கொண்டுவந்து நீட்டினாள்.

"இதைப் பிழிஞ்ச கை சார் இது. இதுலயே துப்புங்க."

வாய்க்குள் ஒயின் சூடேறிக்கொண்டே இருந்தது.