நெருங்கிய உறவினர் கையொப்பம்

அழுவதற்குக்கூட இடம் விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஐஸ் பெட்டிக்குள் அவள் கணவர். சுற்றிலும் அவருடைய இயக்கத்துக்காரர்கள். ஊர் ஊராகப் போய் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை உடல் தானத்துக்கு எழுதித் தரவைத்தவர் என்றார்கள். சொன்னதைச் செய்தவர் என்றார்கள்.

செய்தவரா என்பது இனிமேல்தான் தெரியும்.

அவளுக்குச் சந்தேகம் இருந்தது.

போன மாதம் ஆபரேஷனுக்கு முன்னால் கொழுந்தன் சௌந்தரம் அவர் நெற்றியில் திருநீறு பூசினார். மேடையில் அதையெல்லாம் கிழி கிழி என்று கிழித்த மனிதர், அன்று துடைக்கவில்லை. கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

பயந்திருப்பார். யாருக்குத்தான் பயமில்லை.

ஆனாலும் அன்றிலிருந்து அவளுக்கு உறுத்தல்.

வாசலில் இரண்டு வண்டிகள். மருத்துவக் கல்லூரி வண்டி ஒன்று. சுடுகாட்டுக்குப் போக சௌந்தரம் பூ ஜோடித்துக் கொண்டுவந்து நிறுத்தியது இன்னொன்று.

"ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணி. நம்ம முறைப்படி எடுத்துரலாம். அவர் பேசுனதெல்லாம் உசுரோட இருந்தவரைக்கும்."

இயக்கச் செயலாளர் மதிவாணன் அவசரமாகக் கோப்பைப் பிரித்து, பழுப்பேறிய படிவத்தைக் கல்லூரி டாக்டரிடம் கொடுத்தார். டாக்டர் அதை அவளிடம் காட்டினார்.

அவர் பெயர். அவர் கையெழுத்து. இருபத்தேழு வருஷத்துக்கு முந்தைய தேதி. அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம்.

கீழே, நெருங்கிய உறவினர் என்ற இடத்தில், அவள் பெயர். தனபாக்கியம்.

இந்தக் காகிதத்தை அவள் பார்த்ததே இல்லை.

சத்துணவு மையத்தில் வேலை பார்த்தவள் அவள். அவளுடையது கிறுக்கல் கையெழுத்து. இது நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டிருந்தது. அவளுக்காக அவர் வேறு எதையும் இவ்வளவு பொறுமையாகச் செய்ததில்லை.

முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக் கதவையெல்லாம் தட்டியவர். அடுப்படியில் நின்றவளிடம் கேட்கவில்லை. மாட்டேன் என்று சொல்லிவிடுவாள் என்று பயந்தாரா? கேட்கவே வேண்டாம் என்று நினைத்தாரா?

எது மோசம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

கோபம் வந்தது. அழுகையை முந்திக்கொண்டு வந்தது.

"உங்க கையெழுத்துதானேம்மா? நீங்க சம்மதிச்சாதான் எடுத்துட்டுப் போக முடியும்," என்றார் டாக்டர்.

"நான் போட்டதில்ல."



சௌந்தரம் எழுந்து துண்டை இடுப்பில் கட்டினார். வாசலைப் பார்த்துக் கை காட்டினார். மதிவாணன் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் பெட்டியைப் பார்த்தாள். பிடிபட்டுவிட்டவர் மாதிரி படுத்திருந்தார். பொய்யான ஒரு கையெழுத்தை நம்பி இருபத்தேழு வருஷம் உண்மையாக அலைந்திருக்கிறார். இப்போது அதைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்கு வாயில்லை.

அவளுக்குத்தான் இருந்தது.

"வேற பாரம் இருக்கா சார்?"

டாக்டர் புதுப் படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முன்பக்கம், பின்பக்கம், சின்ன எழுத்து எல்லாவற்றையும் அவள் படித்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும்.

"அப்புறம் வேணும்னு கேட்டா திருப்பித் தருவீங்களா?"

"தர முடியாதும்மா."

அப்படி ஒளிக்காமல் சொன்னதால்தான் டாக்டருடைய பேனாவை வாங்கினாள்.

கையெழுத்துப் போட்டாள். சௌந்தரம் ஏதோ சொன்னார். அவள் கேட்கவில்லை.

மதிவாணன் கண்ணைத் துடைத்தபடி அருகில் வந்தார். தோழரின் லட்சியம் வென்றது என்று தொடங்கினார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க பாரத்துல உங்க வீட்டம்மா கையெழுத்தைப் போட்டது யாருங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

பிறகு, சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவில் தன் மனைவியைத் தேடினார்.