பெரட்டில் ஒரு பெயர்

“காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல கங்காணி தினமும் என் பேரைக் கூப்பிடுறாருங்கய்யா. நானும் ‘இருக்கேன்’னு சொல்ல வேண்டியிருக்கு” என்றான் வாசலில் வந்து நின்றவன்.

“தோட்டத்துல வேலை செஞ்சா பேர் கூப்பிடத்தானப்பா செய்வாங்க” என்று சிரித்தார் வக்கீல் ஸ்டானிஸ்லாஸ். நாளை அவர் சட்டசபை உறுப்பினராகப் பதவியேற்கிறார். அவருடைய பிரிக்பீல்ட்ஸ் வீடெங்கும் வாழ்த்து மாலைகள். “பிடிக்கலைன்னா கிளம்பிப் போயேன்.”

“போகத்தான் பாக்குறேன். பேர் கூப்பிட்டா கால் தானா திரும்புதே.”

“எந்தத் தோட்டம்?”

“கிள்ளான்ல, நீங்க முதமுதலா ஜெயிச்ச கேஸு நடந்த தோட்டமுங்கய்யா. தொரை அடிச்சு என் புருசன் செத்துட்டான்னு மாரியாயி அழுதா. மறுநாள் பெரட்டுப் புத்தகத்துல கன்னையா பேர் இருக்கு, அவன் உயிரோடதான் இருக்கான்னு தொரைக்காக வாதாடி நீங்க ஜெயிச்சீங்க.”

ஸ்டானிஸ்லாஸின் சிரிப்பு நின்றது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லி அந்தப் பெயரை எழுத வைத்தவரே அவர்தான்.

“உயிரோட இருக்கேன்னு கோர்ட்டு சொல்லிடுச்சுன்னு இன்னும் புத்தகத்துல என் பேரை அடிக்கலைங்கய்யா. மாரியாயி தாலியோடதான் இருக்கா. எனக்குக் காரியமும் செய்யல.”

வந்தவன் கைகூப்பினான்.

“இனிமே சட்டமே உங்க கையிலதானே? நாளைக்குப் பேர் கூப்பிடுறதுக்குள்ள, நான் செத்துட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கய்யா.”